கெட்டுப்போகாத வண்டி

தொடாதேயும் வே. கைய எடும். பாக்கணும்னா தள்ளி நின்னு பாரும், கண்ணு தெரியுதுல்லா? தடவிப் பாக்கதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா?

ஆமா, மாருதி எண்ணூறுதான், எம்பத்திநாலு மாடல். மொத சேப்பு, அதான் மொத வந்த உருவம். அடுத்த சேப்பு எம்பத்தாறுல வந்துது, கொஞ்சம் நீளமா, மூஞ்சி சரிவா. நீரு தேடி வந்தது இந்தக் கட்டை மூஞ்சியத்தான்னு எனக்குத் தெரியும். உமக்கு முன்னால நாலஞ்சு பேரு வந்தானுவ. ஒருத்தன் கோயமுத்தூரு, ஒருத்தன் கேரளாவு. வரும்போதே செல்போன நீட்டிக்கிட்டு வருவானுவ. ஏழை எளியவனயெல்லாம் கார்ல ஏத்துன வண்டிம்பானுவ, மூணு சிலிண்டரும்பானுவ, எழுநூத்தித் தொண்ணூத்தாறு சிசிம்பானுவ. எல்லாத்தையும் பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டு, வெல என்னன்னு கேப்பானுவ. எல்லாரையும் வெரட்டி விட்டுட்டேன்.

நீரும் சும்மாதான் போகப் போறீரு. ஏன்னா இந்த வண்டி என் பேர்ல இல்ல. ஆர்சி புக்குல பி. ஆவுடையம்மாள்னு போட்டிருக்கு. என் வீட்டுக்காரி. அவ கையெழுத்துப் போட்டாத்தான் பேரு மாறும். அவ போட மாட்டா. நாப்பது வருசமா எனக்கே போடாத கையெழுத்த மெட்ராஸ்ல இருந்து வந்த உமக்கா போடப் போறா? ஆளும் இங்க இல்ல. நாகர்கோயில்ல மக வீட்டுல போயி உக்காந்திருக்கா. ஆறு வருசம் ஆச்சு.

கையில என்ன கவரு? என்னமும் இருக்கட்டும், மடியில வச்சிக்கிடும். இவ்வளவு தூரம் வந்துட்டீரு, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரும். வண்டியோட கததானே வேணும்? நான் சொல்லுதேன். வந்தவனுவ எல்லாம் பாதியில எந்திரிச்சு ஓடிட்டானுவ. நீரு முழுசாக் கேப்பீரா? சரி, பாப்போம்.

ஜங்ஷன்ல, மதுரை ரோட்டுல, பிரமநாயகம் ஆட்டோ ஸ்டோர்ஸ்னு ஒரு கடை. நான்தான் பிரமநாயகம். எம்பதுல வந்து கேட்டிருந்தீர்னா பச்சப்பிள்ள கூட கைய நீட்டி வழி காட்டும். அம்பாசிடருக்கு என்ன சாமான் வேணும்? கண்ண மூடிக்கிட்டு தட்டுல இருந்து எடுத்துத் தருவேன். கிளட்ச் பிளேட்டு, லீஃப் ஸ்பிரிங்கு, கிங்பின்னு. கிங்பின்னு தெரியுமா உமக்கு? முன்சக்கரம் திரும்புதுல்லா, அதத் தாங்கிப் பிடிக்கிற இரும்புத் தண்டு. தேஞ்சுக்கிட்டே இருக்கும், மாத்திக்கிட்டே இருக்கணும். தென்காசி, திருச்செந்தூர்ல இருந்தெல்லாம் டாக்சிக்காரனுவ வந்து என் கடை வாசல்ல நிப்பானுவ. ஒரு அம்பாசிடர் ரோட்டுல ஓடுச்சுன்னா ஒரு மெக்கானிக்குக்குச் சோறு, ஒரு டிங்கருக்குச் சோறு, ஒரு எலக்ட்ரீசியனுக்குச் சோறு, எனக்குச் சோறு. அது படுக்கும், நாங்க எழுப்பி விடுவோம். வண்டிக்கும் மனுசனுக்கும் ஒரு ஒட்டு ஒறவு இருந்துது.

அப்பத்தான் இந்தச் சவம் வந்துது. கெட்டே போகல. நீரே சொல்லும் வே, கெட்டுப்போகாத வண்டி ஒரு வண்டியா? அத வச்சிக்கிட்டு எவன் பொழைப்பான்?

எம்பத்திமூணுல புக்கிங்னு பேப்பர்ல வந்துது. பத்தாயிரம் ரூவா முன்பணம் கெட்டணும், அப்புறம் குலுக்கல்ல பேரு விழணும். ஊரே கோட்டி பிடிச்சு அலைஞ்சுது பாத்துக்கிடும். டாக்டரு கெட்டுனாரு, வக்கீலு கெட்டுனாரு, சைக்கிள் ஓட்டத் தெரியாத ஹெட்மாஸ்டர் ஒருத்தரு, அவரும் கெட்டுனாரு. நாடு பூரா லட்சத்துக்கு மேல பேரு கெட்டிட்டு, எப்பப் பேரு விழும்னு ஆகாசத்தப் பாத்துக்கிட்டு இருந்தானுவ. அம்பாசிடர்காரன் நீரு எதுக்கு வே கெட்டுனீருன்னு கேக்கணும் நீரு. கேக்க மாட்டேங்கீரு. சரி, நானே சொல்லுதேன். விக்கதுக்கு. முன்னாடிப் பேரு விழுந்தவன்கிட்ட மேல போட்டுக் குடுத்து வாங்க ஆளு வரிசையில நின்னான். வண்டி வாசலுக்கு வரணும், வந்த சூட்டோட அடுத்தவன் வாசலுக்குப் போகணும். அம்புட்டுத்தான் என் எண்ணம்.

எங்க வீட்டுல சுவத்துல ஆணி அடிக்கணும்னாலும் ஜாதகம் பாத்துட்டுத்தான் அடிப்போம். பணம் கெட்டுறதுக்கு முன்னால ஜோசியர்கிட்ட போனேன். அவரு என் கட்டத்தப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாரு. நாலாம் இடம் சரியில்ல, உமக்கு வாகன யோகமே கெடையாது, உம்ம பேர்ல போட்டா பேரு விழாதுன்னாரு. வீட்டம்மா ஜாதகத்த எடும்னாரு. எடுத்துக் குடுத்தேன். பாத்ததும் மனுசன் நிமுந்து உக்காந்துட்டாரு. நாலாம் இடத்துல சுக்கிரன் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான், இந்த அம்மாவுக்கு வாகனம் தேடி வரும்னாரு. அவ பேர்ல கெட்டுனேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே தப்பு அதுதான். வேற தப்பு ஒண்ணும் செய்யல. யார்கிட்ட வேணும்னாலும் விசாரிச்சுப் பாரும்.

பேரு விழுந்துது. எம்பத்திநாலு ஐப்பசி. மெட்ராஸ்ல போயி எடுக்கணும், எடுக்கவ அங்க வந்து கையெழுத்துப் போடணும்னுட்டானுவ. எனக்குக் கடைச் சோலி. அவ அண்ணனையும் எங்க கடை டிரைவரையும் கூட்டி, அவள ரயிலேத்தி அனுப்புனேன். போகும்போது எப்படி இருந்தா தெரியுமா? ரயில்ல ஜன்னலோரம் உக்காரக் கூட கூச்சப்படுவா. பத்தாப்பு படிச்சவதான், ஆனா வாயத் தெறந்து பேச மாட்டா. மூணாம் நாளு வண்டியில வந்து இறங்குதா. வழியில கோயில்பட்டியில டீ குடிக்க நிப்பாட்டுன எடத்துல ஊரே சுத்தி நின்னுதாம். இது யாரு வண்டின்னு கேட்டானுவளாம். அவ அண்ணன் என் பேரச் சொல்லிருக்கான். இவ, 'என் வண்டி'ன்னாளாம். எங்க வாசல்ல வந்து இறங்குனவ திரும்பி நின்னு டிரைவர்கிட்ட சொல்லுதா, வெயில்ல போடாதீங்க, வேம்பு நெழல்ல நிப்பாட்டுங்கன்னு. நான் அங்கனதான் நிக்கேன். என்னைய ஒரு வார்த்த கேக்கணும்லா?

வெள்ளிக்கிழமை மில்லுக்காரர் ஒருத்தரு வந்தாரு. எல்லாம் நான் முன்கூட்டியே பேசி வச்ச ஆளு. கூடத்துல உக்காந்திருக்காரு, காப்பி ஆறுது, பேப்பரு ரெடியா இருக்கு. ஏட்டி ஆவுடை, வந்து கையெழுத்தப் போடுன்னேன். ஈரக்கைய முந்தானையில தொடச்சிக்கிட்டு வந்து நின்னா. பேனாவ வாங்கல.

"ஜோசியரு யாரோட யோகம்னு சொன்னாரு?"ன்னு கேட்டா. உன் யோகம்னுதான் சொன்னாரு, அதுக்கென்னன்னேன்.

"அப்ப யோகத்த வித்தா வீட்டுக்கு ஆகுமான்னு அவர்கிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. ஆகும்னு சொன்னார்னா போடுதேன்."

மில்லுக்காரர் முன்னால வே! கலியாணமாகி பத்து வருசத்துல அவ என்னைய எதுத்துப் பேசுன மொத வார்த்த அது. எதுத்துப் பேசுனாளா, இல்ல அடங்கிப் பேசுனாளான்னு கூட எனக்குப் பிடிபடல, அம்புட்டு மெதுவாச் சொன்னா. நானும் கூறு கெட்டவன், சைக்கிள எடுத்துக்கிட்டு ஜோசியர்கிட்டயே போயிக் கேட்டேன். அந்தப் பாவி என்ன சொன்னான் தெரியுமா? சுக்கிரன விக்கப்பிடாதுன்னுட்டான். திரும்பி வாரதுக்குள்ள மில்லுக்காரர் எந்திரிச்சுப் போயிட்டாரு.

வாசல்ல நின்னு சத்தம் போட்டுச் சொன்னேன். இந்த டப்பாக்குள்ள என் கால் படாது, என் உசுரு போனாலும் படாதுன்னேன். தெருவே கேட்டுது. நான் சொன்னா சொன்னதுதான். இன்னைக்கு வரைக்கும் ஏறல. எப்படியும் யாரு ஓட்டப் போறா, நின்னு துருப்பிடிச்சுப் போகட்டும், அப்ப வந்து கெஞ்சுவா பாருன்னு நெனச்சேன்.

என்ன கேட்டீரு? எனக்கு ஓட்டத் தெரியுமாவா? தெரியாதுன்னு எவன் சொன்னான்? பக்கத்து வீட்டு எமிலி டீச்சரா? ஓட்ட வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்ல. கடையில டிரைவர் இருந்தான். ஓட்டல் வச்சிருக்கவன் தோசை சுடணும்னு சட்டம் இருக்கா?

அந்த எமிலி டீச்சர்தான் எல்லாத்துக்கும் காரணம். பாளையங்கோட்டையில இந்த டீச்சர்மாருக்குக் கொறச்சலா? அவுக வீட்டுக்காரரு ஃபியட் வச்சிருந்தாரு, அத ஓட்டி ஓட்டிப் பழகிருச்சு அந்த அம்மா. காலையில அஞ்சர மணிக்கு ரெண்டு பேருமா கெளம்பி மைதானத்துக்குப் போயிருவாளுவ. நான் வாக்கிங்னு நெனச்சேன். வாக்கிங் போறவளுக்குச் சாவி எதுக்குன்னு எனக்குத் தோணல பாரும். இருவது நாளு. இருவத்தோராம் நாளு நான் பல்லு வெளக்கிக்கிட்டு வாசல்ல நிக்கேன், வண்டி தெருமுக்குல திரும்பி வருது. ஓட்டுறவ ஆவுடை. பக்கத்துல டீச்சர் கையக் கெட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. வேம்புக்கு அடியில கொண்டாந்து நிப்பாட்டுனா பாரும், ஒரு சாண் அங்க இங்க வெலகல.

இது எப்பிடி நடந்துதுன்னு நான் யோசிச்சுப் பாத்தேன். அம்பாசிடர்னா கியரு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல இருக்கும், போடதுக்குத் தோள்ல பெலம் வேணும். ஸ்டியரிங்க ஒடிக்க ரெண்டு கை பத்தாது. எந்தப் பொம்பளையாவது என் கடைக்கு வந்து அம்பாசிடர் ஓட்டணும்னு கேட்டிருக்காளா? ஒருத்தி கேட்டதில்ல. அது மரியாத தெரிஞ்ச வண்டி. இதப் பாரும். கியரு கீழ, கொழம்புக் கரண்டி மாதிரி. ஸ்டியரிங்குக்கு மாவு பெசையுத கை போதும். பெடலுக்குத் தையல் மிசின் மிதிக்கிற காலு போதும். எவனோ ஜப்பான்ல உக்காந்து எங்க ஆவுடைக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி தச்சிருக்கான். இத எவனாவது யூடியூபுல சொல்லுதானா? சிசியச் சொல்லுவான். வீட்டுல இருந்தவள வெளிய இழுத்துக்கிட்டுப் போன கதயச் சொல்ல மாட்டான்.

அதுக்கப்புறம் அவளப் பிடிக்க முடியல. மொதல்ல மார்க்கெட்டு. அப்புறம் மக வடிவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனா. அப்புறம் தெருவுல உள்ள பிள்ளைய எல்லாம் வடிவுகூட ஏறிக்கிட்டுது. எட்டுப் பிள்ளைய நான் எண்ணிருக்கேன் வே, அந்தச் சின்ன வண்டிக்குள்ள எட்டு. எவளுக்குப் பிரசவ வலி வந்தாலும் என் வீட்டுக் கதவத்தான் தட்டுவாளுவ. கதவத் தெறக்கது நான். ஆனா, அக்கா இருக்காளான்னுதான் கேப்பாளுவ. ஒரு தடவ நான் கடை அம்பாசிடர்ல வந்துக்கிட்டிருக்கேன், வண்ணாரப்பேட்டப் பக்கம் ரேடியேட்டர் பொங்கி நின்னு போச்சு. உச்சி வெயிலு. இவ பின்னால வாரா. நிப்பாட்டுனா. கண்ணாடிய எறக்கி, ஏறுதீங்களான்னு கேட்டா. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். தண்ணிக் கேன எடுத்து ரோட்டு ஓரமா வச்சிட்டுப் போயிட்டா. டிரைவர் அத எடுத்து ரேடியேட்டர்ல ஊத்துனான். நான் ஊத்தச் சொல்லல.

ஒரு தடவ ஏறிருக்கேன்னு எமிலி டீச்சர் சொல்லும். நம்பாதேயும். எனக்குச் சர்க்கரை எறங்கி, பூஜை ரூமுல மயங்கி விழுந்துட்டேன். இவ தூக்கிப் போட்டுக்கிட்டு ஏழு நிமிசத்துல ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளாம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளு கெடையாதுன்னாராம் டாக்டரு. யாரு போகச் சொன்னா? ஆட்டோ கெடைக்காதா? நெனவில்லாம ஏறுனது ஏறுனதாகாது வே. வரும்போது நான் டாக்சிலதான் வந்தேன். அவ பின்னாலயே வந்தா, மெதுவா, வீடு வரைக்கும்.

எங்க விட்டேன்? கடை. எம்பத்தாறுல புதுச் சேப்பு வந்துது, அதுக்கப்புறம் எவன் வாசல்ல பாத்தாலும் இதுதான். தொண்ணூறுல எனக்கு வழக்கமா வார டாக்டர்மாரு ஒருத்தரு விடாம மாத்திட்டாங்க. அம்பாசிடர் டாக்சிக்குன்னு ஆகிப்போச்சு. ஒரு நாளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். இவ பக்கத்துல உக்காந்து பரிமாறிக்கிட்டே மெதுவாச் சொல்லுதா, நம்ம கடையிலயும் மாருதி சாமான் கொஞ்சம் வாங்கிப் போடலாம்லா, எந்தச் சாமான் அடிக்கடி கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும், நானும் கூட வந்து உக்காருதேன்னு. எனக்கு வந்துது பாரும் கோவம். தட்டத் தூக்கி வீசிட்டேன். அவ மேல இல்ல வே, சுவத்துல. அவ மேல பட்டுது, அது வேற. புருவத்துல ரெண்டு தையலு. அன்னைக்கும் அவளேதான் ஓட்டிக்கிட்டுப் போயி போட்டுக்கிட்டு வந்தா. கொழுப்புதானே? நான் எதுத்த கடைக்காரன் மாதிரி இல்ல. அவன் மாருதி சாமான் வாங்கிப் போட்டான், இப்ப மூணு மாடி கெட்டிட்டான். நான் கொள்கைக்காரன். ரெண்டாயிரத்து மூணுல ஷட்டர எறக்குனேன். சாமான எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, கிங்பின் டப்பா ஒண்ணு மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்தேன். அந்தா, திண்ணை மேல் தட்டுல இருக்கு பாரும். அதையும் தொடாதேயும்.

இதோட கதயும் முடிஞ்சுதுல்லா. ரெண்டாயிரத்துப் பதினாலு, சனவரி. இனிமே எண்ணூறு செய்யப் போறதில்லன்னு பேப்பர்ல வந்துது. நான் அத எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். ஏட்டி, உன் வண்டி சோலி முடிஞ்சுதுன்னேன். அவ படிச்சுப் பாத்துட்டு, ஃபேக்டரிதானே நிப்பாட்டிருக்கு, என் வண்டி வாசல்லதானே நிக்கின்னா. சாவிய எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டா. அதே வருசம் மே மாசம் அம்பாசிடரும் நின்னுட்டு. அதுவும் பேப்பர்ல வந்துது. அவ அந்தப் பேப்பர மடிச்சு என் கண்ணுல படாம வச்சிட்டு, நாலு நாளு தொடந்து எனக்குப் பிடிச்ச சுண்டவத்தக் கொழம்பா வச்சா. கிண்டலுதான். வேற என்ன?

ஆறு வருசத்துக்கு முந்தி அவளுக்கு எடது கண்ணுல புரை. ஆபரேசன் ஆச்சு. ஒரு மாசம் வண்டி ஓட்டப்பிடாதுன்னாரு டாக்டரு. ஒரு மாசம் கழிச்சுப் போனோம், பாத்துட்டு, நல்லாருக்கு, தாராளமா ஓட்டலாம்னுட்டாரு. டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு, ஏதாவது ஒண்ணுன்னா அவரா வந்து நிப்பாரு? நான் அன்னைக்கே சாவிய எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். அவ நல்லதுக்குத்தான் வே. அறுவத்தஞ்சு வயசுல பொம்பளைக்கு ஸ்டியரிங் எதுக்கு? எங்க வச்சேன்னு உமக்குச் சொல்ல மாட்டேன். ஆவுடை கை போகவே போகாத எடம்.

மூணு நாளு தேடுனா. அலமாரி, சட்டப்பை, அரிசி டப்பா, எல்லாத்தையும் ஒதறிப் பாத்தா. நான் ஈசிச்சேர்ல உக்காந்து பேப்பரு படிக்கேன். என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கல. கேட்டா குடுத்திருப்பேன். கேக்கணும்லா? புருசன்கிட்ட வந்து, என் சாவியக் குடுங்கன்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவா? நாலாம் நாளு காலையில ஒரு பையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. வடிவு வீட்டுக்குப் போறேன்னா. எப்பிடிப் போவன்னு கேட்டேன், சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான் கேட்டேன். பஸ்ஸு ஓடுதுல்லான்னா. வேம்புகிட்ட போனவ வண்டியத் திரும்பிக் கூடப் பாக்கல.

சாவி கெடைக்காத கோவம். வேற ஒண்ணுமில்ல. எனக்கு அவளத் தெரியாதா? கோவம் எறங்குனா வருவா. சாவி இங்க இருக்கு, வண்டி இங்க இருக்கு, கையெழுத்தும் அவ போடல. அப்ப என்ன அர்த்தம்? வருவான்னுதானே அர்த்தம்? அதனாலதான் சொல்லுதேன், உமக்கு இந்த வண்டி கெடைக்காது. அது அவ வார வரைக்கும் இங்கனதான் நிக்கும்.

ஓடுமாவா? ஓடாது. ஆறு வருசமா நின்ன எடத்துல நிக்கி, எப்பிடி ஓடும்? பேட்டரியா? ஆமா, புதுசுதான், போன ஆவணியில மாத்துனேன். எலி கூடு கெட்டிரப்பிடாதுன்னு காலையில பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுவேன், அம்புட்டுத்தான். இன்னைக்குக் காலையில கூட ஒரே தட்டுல எடுத்துது, சனியன். அச்சுக்கு அடியில கல்லு குடுத்துத் தூக்கி வச்சிருக்கது டயரு சப்பிப் போகாம இருக்கதுக்கு. எடது சீட்டுல பேப்பரு கெடந்தா உமக்கு என்ன வே? அங்கன காத்து வரும், உக்காந்து படிப்பேன். நிக்கிற வண்டியில உக்காந்தா அது ஏறுனதாகுமா? ஓடுனாத்தான் வண்டி.

இப்ப எதுக்குக் கவர நீட்டுதீரு? நான் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்? சரி, குடும். இரும், கண்ணாடியப் போட்டுக்கிடுதேன்.

இது ஃபாரம் இருவத்தொம்போது. இது முப்பது. பேரு மாத்துற பேப்பருலா.

இது எங்க வச்சுப் போட்டா?

அவ கையெழுத்துதான். ரேசன் கார்டுல போட்டிருக்க மாதிரியே கடைசி எழுத்த இழுத்து விட்டிருக்கா. மூணு எடத்துலயும் போட்டிருக்கா. மில்லுக்காரர் வந்தன்னைக்கு நான் காட்டுன அதே மாதிரி எடம். நாப்பது வருசமா போடுன்னு நான் கத்துனேன், ஒரு தடவ போடல. இப்ப யாரு கேட்டா அவள?

நீரு நாகர்கோயிலுக்கே போனீரா? வீட்டுக்கா? அவளே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாளா? எதுல? வடிவு வண்டியிலயா? ஓட்டுனது யாரு?

கண்ணு நல்லாத் தெரியுதாமா?

நல்லது.

என்ன சொன்னா? நிறுத்தி நிறுத்திச் சொல்லும். அந்த வண்டி நிக்கப்பிடாது, ரோட்டுல ஓடணும், அவர்கிட்ட இருந்தா அதுவும் நின்னுக்கிட்டேதான் இருக்கும்னாளா. சரி. என்னையப் பத்தி ஒண்ணும் கேக்கலையா? சாப்பாட்டுக்கு என்ன செய்யுதாரு, மாத்திரை போடுதாரான்னு? எமிலி டீச்சர் தெனமும் போன்ல சொல்லுமாமா. அப்பிடியா. காலையில பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணுறதையும் சொல்லிருக்குமே அந்த அம்மா.

அதெல்லாம் சரி வே. சாவி? கையெழுத்து இருந்தா ஆச்சா? சாவி எங்க இருக்குன்னு அவளுக்கே தெரியாது.

என்னது?

திரும்பச் சொல்லும்.

கிங்பின் டப்பான்னாளா. மேல் தட்டுல, நீல டப்பா, மூடி வளைஞ்சிருக்கும்னு சொன்னாளா. எப்ப தெரியுமாம்? அன்னைக்கேவா? ரெண்டாம் நாளே கையில எடுத்துட்டாளாமா. எடுத்து, பாத்துட்டு, இருந்த எடத்துலயே திரும்ப வச்சிட்டாளாமா.

திரும்ப வச்சிட்டாளா.

அப்ப மூணாம் நாளு அலமாரியெல்லாம் தேடுனாளே, அது என்னத்த வே? நான் கேப்பேன்னு பாத்தாளா? நான் பேப்பரு படிச்சுக்கிட்டு இருந்தேன். கையில சாவி கெடைச்சவ எதுக்கு வே பஸ்ஸுல போனா?

நீரு பதில் சொல்ல வேண்டாம். உம்மளக் கேக்கல.

ஆமா, நீரு வந்ததுமே கவர நீட்டிருக்கலாம்லா? எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு, ஒரு மணி நேரமா கல்லுப்பிள்ளையார் மாதிரி என் முன்னால உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீரே, எதுக்கு? சொல்லும். யாரு, அவ சொன்னாளா? என்னன்னு?

"நீங்களா டப்பாவத் தொடாதீங்க தம்பி. அவரு பேசுவாரு. நடுவுல எந்திரிச்சிராம கடைசி வரைக்கும் கேளுங்க. பேசி முடிச்சார்னா அவரே சாவிய எடுத்துத் தந்துருவாரு."

அப்பிடியே சொன்னாளா.

ஏன் எந்திரிக்கீரு? டப்பாவப் பாத்துட்டு எந்திரிக்கீரு? உக்காரும் வே. யாரு முடிச்சா? நான் எங்க முடிச்சேன்? அம்பாசிடர் எப்பிடி வந்துதுன்னே உமக்கு இன்னும் சொல்லலையே. அம்பத்தெட்டுல இருந்து ஆரம்பிக்கணும்லா. காப்பி கொண்டாரச் சொல்லுதேன். எமிலி டீச்சர் வீட்டுல தருவாங்க. ஸ்டூல இன்னும் கொஞ்சம் பக்கத்துல இழுத்துப் போடும். உக்காரும்.